டன்லப் கவுண்டியின் ஐந்தாவது ஷெரிஃப்

எங்கள் கவுண்டி தொடங்கி நூறு வருஷம் ஆகிறது. விழா மலர் போடுகிறார்கள். அதில் ஷெரிஃப்களின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். முப்பத்தொன்பது வருஷம் நீதிமன்ற அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், எல்லாக் காகிதமும் இவள் கைபட்டதுதான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். முதல் ஆள் குதிரை வியாபாரி. ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு மேற்கே போனவர் திரும்பவே இல்லை. திருடன் மட்டும் அடுத்த வருஷம் வந்து நிலம் வாங்கிக் குடியேறினான். இரண்டாமவர் சர்ச் படியில் வைத்துத் தன் கால் கட்டைவிரலைத் தானே சுட்டுக்கொண்டவர். மூன்றாமவர் பனிப்புயலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய், பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நிமோனியாவில் செத்தார். நான்காமவர் பறிமுதல் செய்த சாராயத்தை, பறிமுதல் செய்த ஆளுக்கே திருப்பி விற்றவர். இதெல்லாம் மலரில் வரும். படிப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஐந்தாவது பெயருக்கு எதிரே, 'எமில் ஹாவ்லிக், 1931–1934, ராஜினாமா' என்று ஒரு வரி. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார் மலர்க் குழுத் தலைவர். சரி, மலருக்கு அந்த வரி போதும். நடந்ததை இங்கே தனியாக எழுதி வைக்கிறேன்.

ஜெயில் நீதிமன்றத்துக்குப் பின்னால், நாற்பது தப்படி தூரத்தில் இருந்தது. செங்கல் கட்டடம். முன்பாதி ஷெரிஃபின் வீடு, பின்பாதியில் நான்கு அறைகள், நடுவில் ஓர் இரும்புக் கதவு. தேர்தலில் ஷெரிஃபாக எவன் ஜெயித்தாலும் அவன் மனைவியும் சேர்ந்தே வேலைக்கு வந்தாள். கைதிகளுக்கு மூன்று வேளையும் அவள்தான் சமைக்க வேண்டும், அவர்கள் துணியை அவள்தான் வெளுக்க வேண்டும். புத்தி பேதலித்த பெண்களை மாநில மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, சட்டப்படி ஒரு பெண்துணை வேண்டுமே, அதுவும் அவள்தான். அவள் பெயருக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை.

அல்பினா ஹாவ்லிக்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குழந்தைகள் இல்லை. குள்ளமான உருவம், கை மட்டும் ஆம்பிளைக் கை. ஐரோப்பாவில் போஹீமியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் என்பதால் ஜெயிலில் சனிக்கிழமை தோறும் பிளம் பழம் வைத்த கோலாச் ரொட்டி கிடைக்கும். டெவ்லின் என்று ஒரு கோழித் திருடன் இருந்தான். அவன் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் கோழி திருடுவான் என்று ஊரில் சொல்வார்கள். அவனும் அதை மறுத்ததில்லை.

அந்த 1934 கோடையை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்திலிருந்து ஒரு சொட்டு மழை கிடையாது. தெற்கிலிருந்து காற்று, காற்று முழுக்க மண். ஜன்னல்களில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டுச் சாத்தி வைத்துக்கொண்டு பகலிலும் விளக்கில் இருந்தோம். வெட்டுக்கிளி தோட்டத்து வெங்காயத்தை மண்ணுக்குள்ளேயே தோண்டித் தின்றுவிட்டு வெறும் தோலை விட்டுப் போனது. மாடுகளுக்குப் புல் இல்லை. அரசாங்க ஆட்கள் பண்ணை பண்ணையாகப் போய், தேறாத மாடுகளுக்கு ஏதோ ஒரு விலை கொடுத்து, அங்கேயே பள்ளம் வெட்டிச் சுட்டுத் தள்ளினார்கள். சுடும்போது தகராறு வராமல் இருக்க ஷெரிஃப் பக்கத்தில் நிற்க வேண்டும். எமில் நின்றார். அவரே பண்ணையில் வளர்ந்த மனிதர். பண்ணைக்கு இருபது, முப்பது மாடு. ஒரு நாளைக்கு மூன்று பண்ணை. படுத்தால் தூக்கம் வரவில்லை என்று அல்பினா என்னிடம் சொன்னாள். "கண்ணை மூடினா கன்னுக்குட்டி சத்தம் கேக்குதாம், வெர்னா. எந்திரிச்சுப் போய் சமையக்கட்டுல உக்காந்துக்கறான்."

கார்ல் ராய்ட்டர் என்ற விவசாயி, சுட வந்தவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு நின்றுவிட்டார். யாரையும் சுடவில்லை, நின்றார், அவ்வளவுதான். எமில்தான் பேசிப் பேசித் துப்பாக்கியை வாங்கினார். மாடுகளைச் சுட்டார்கள். ராய்ட்டரை ஜெயிலில் வைத்தார்கள். ஒன்பது நாள் இருந்தார். சாப்பாடு வைத்தால் நன்றி சொல்லித் தட்டை வாங்கிக்கொள்வார். கொஞ்சம் கழித்து அப்படியே திருப்பித் தருவார்.

பத்தாம் நாள் காலை, ஜூலை பதினேழு. தெற்கே சம்மன் கொடுக்க வேண்டும் என்று எமில் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். ஏழு மணிக்கு அல்பினா சோளக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். ராய்ட்டர் போர்வையைக் கிழித்துத் திரித்து, ஜன்னலின் மேல் கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார். கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அவள் கஞ்சியைப் போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து ஓடி, அவர் தொடைகளைக் கட்டிப் பிடித்து மேலே தூக்கினாள். கழுத்துச் சுருக்கு தளர்ந்தது. மூச்சு வந்தது.

அப்படியே நின்றாள்.

விட்டால் சுருக்கு இறுகும். விடாமல் சமையற்கட்டுக்குப் போய்க் கத்தியை எடுக்க முடியாது. எதிர் அறையில் டெவ்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாவியை எறிங்க அம்மா! இந்தப் பக்கம் எறிங்க! நான் வந்து அறுக்கறேன்!" என்று கத்தினான். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். ஆறடி மனிதர் ஒரு கைக்கு அடங்கவில்லை, சரிந்தார், தொண்டையில் சத்தம் வந்தது. பதறிப்போய் மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கத்தினார்கள். ஊரெல்லாம் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தது. காற்று வேறு. நாற்பது தப்படி தூரத்தில் நான் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கவில்லை என்று.

எட்டு மணிக்கு ஐஸ் கொண்டுவந்த ஆள் பின்வாசலில் டெவ்லினின் குரல் கேட்டு உள்ளே ஓடினான். அதற்குள் அல்பினாவின் கைகள் விட்டுப்போயிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து ராய்ட்டரின் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

சாவு விசாரணை மூன்றாம் நாள் நடந்தது. நான்தான் சுருக்கெழுத்து எடுத்தேன். ராய்ட்டரின் மனைவி முன்வரிசையில் கருப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டவர் கவுண்டி வழக்கறிஞர் லைல் ப்ரூவர். கெட்ட மனிதர் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடக்கூடாது என்று இருப்பவர்.

"சாவி எங்க இருந்துச்சு, மிஸஸ் ஹாவ்லிக்?"

"இடுப்புல."

"டெவ்லின் இருந்த அறை எவ்வளவு தூரம்?"

"பத்தடி இருக்கும்."

"எறிஞ்சிருந்தா அவன் பூட்டைத் திறந்துட்டு வந்திருப்பான். சரிதானே?"

"எறியணும்னா விடணும்."

"எவ்வளவு நேரம் விடணும்? பத்து விநாடி?"

அவள் முன்வரிசைப் பக்கம் பார்த்தாள்.

"பத்து விநாடி விட்டிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு உயிரோட இருப்பாரா, மாட்டாரா? உங்க அபிப்பிராயத்தைக் கேக்கறேன்."

"தெரியல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"தெரியல."

"உங்க கணவர் அந்த நேரம் எங்க இருந்தார்?"

"தெற்க. சம்மன் கொடுக்கப் போயிருந்தார்," என்றாள். இதை மட்டும் பளிச்சென்று சொன்னாள்.

எமில் சுவர் ஓரமாகத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராய்ட்டரின் மனைவி திரும்பி அல்பினாவின் கைகளைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

தற்கொலை, யார் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு அல்பினா ஒரு வாரம் பழையபடியே சமைத்தாள். அப்புறம் கேள்வி வர ஆரம்பித்தது. மளிகைக் கடையில் மாவு நிறுக்கும்போது, "பத்து விநாடி எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். கடைக்காரர் தமாஷ் என்று நினைத்து எண்ணிக் காட்டினார். அவள் மாவை வாங்காமலே போய்விட்டாள். வீட்டில் கடிகாரத்துக்கு முன்னால் நின்று எண்ணுவாள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. உலையில் மாவு உருண்டை கரைந்து கூழாகும் வரை எண்ணுவாள். எமில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு, தானே கைதிக்குப் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கு வதக்கிக் கொடுத்தார். டெவ்லின் அதைச் சாப்பிட்டுவிட்டு, "ஷெரிஃப், என்னை நீதிபதிகிட்டயே அனுப்பிடுங்க, அவரு கொடுக்கற தண்டனை இதவிடக் கம்மியா இருக்கும்" என்றானாம். அதற்கு எமில் சிரித்தாராம். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, பட்டப்பகலில், டெவ்லின் என் அலுவலகத்தில் வந்து நின்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மிஸ், பயப்படாதீங்க. நான் ஓடி வரல."

"பின்ன எப்படி வந்தே?"

"அந்த அம்மா எல்லாக் கதவையும் திறந்துவிட்டுட்டாங்க. சாவிக்கொத்தை கக்கூஸ் குழிக்குள்ள போட்டுட்டாங்க. 'போ, போ, இனி இங்க பூட்டே கிடையாது'ன்னு என்னை வெளிய தள்றாங்க. எனக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கு. நான் போனா தப்பிச்சேன்னு எழுதுவீங்க. போகலைன்னா அவங்க அழறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள், ப்ரூவரும் இருந்தார். டெவ்லினுக்கு அப்போதுதான் புரிந்தது, என்ன செய்துவிட்டோம் என்று. "நான் தமாஷுக்குச் சொன்னேன்," என்றான். "நானேதான் பூட்டை உடைச்சேன். எழுதிக்கங்க." யாரும் எழுதவில்லை.

கவுண்டியில் மனநோய் வாரியம் என்று மூன்று பேர் உண்டு: ஒரு டாக்டர், ஒரு வக்கீல், நீதிமன்ற எழுத்தர். நான்கு நாளில் உத்தரவு வந்துவிட்டது. அதைத் தட்டச்சு செய்தது நான். 'மேற்படி அல்பினா ஹாவ்லிக் என்பவரை மாநில மருத்துவமனையில் ஒப்படைக்குமாறு இக்கவுண்டியின் ஷெரிஃபுக்கு இதனால் ஆணையிடப்படுகிறது.' அச்சடித்த படிவம்தான். பெயரை மட்டும் நான் அடிக்க வேண்டியிருந்தது.

எமில் அதை நின்றபடியே படித்தார்.

ப்ரூவர், "நீங்க போக வேண்டாம், ஹாவ்லிக்," என்றார். "எந்த மனுஷனாலயும் முடியாது. பதவியை விட்டுடுங்க. ஷெரிஃப் இல்லாத இடத்துல கரோனர் கொண்டுபோகலாம். சட்டம் இருக்கு."

சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் எங்கள் கரோனர், சவ அடக்கக் கடை வைத்திருப்பவர். அவரிடம் இருந்தது ஒரே வண்டி.

"சவ வண்டியிலயா?" என்று கேட்டார் எமில்.

ப்ரூவர் மேசையைப் பார்த்தார்.

"அவ உக்காந்து போகணும்," என்றார் எமில். "ஜன்னல் பக்கம் உக்காந்து போகணும். நானே ஓட்டறேன். அதுவரைக்கும் இந்தப் பதவி என்கிட்டயே இருக்கட்டும்." பிறகு என்னிடம் திரும்பினார். "வெர்னா, பெண்துணை வேணுமாம். வழக்கமா போறவ அவதான். நீ வர்றியா?"

சொந்தப் பெண்டாட்டியைத் தானே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தான் என்று பிற்பாடு ஊர் பேசியது. சவ வண்டி விஷயம் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வெக்கை தொடங்கிவிட்டது. அல்பினா சாம்பல் நிற உடையும் தொப்பியும் போட்டுத் தயாராக இருந்தாள். கையில் ஒரு கூடை, கோலாச் ரொட்டி. விடியும் முன்பே எழுந்து சுட்டிருக்கிறாள். நான் காரில் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கையைப் பிடிக்காதே, பொண்ணே," என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "பிடிச்சா நோயாளிங்க பயந்துடுவாங்க. பக்கத்துல உக்காரு, போதும். கதவுப் பக்கம் நீ உக்காரு, அவங்களை நடுவுல விடு. வண்டி ஆத்துப் பாலத்துல ஏறும்போது மட்டும் பேச்சுக் கொடு. தண்ணியைப் பார்த்தா சிலபேர் குதிக்கப் பார்ப்பாங்க."

"நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க."

"எமில் சொன்னானா?"

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். "ஏழு பேரை இந்த வழியில கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தரும் ஜன்னல் பக்கம் உக்காந்ததில்ல. நான் விட்டதில்ல."

நூற்றி முப்பது மைல். இரண்டு பக்கமும் சோளம் முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றது. வேலி ஓரம் மண் குவிந்து கம்பி மறைந்திருந்தது. அரசாங்கப் பள்ளங்கள் இருந்த இடங்களில் எமில் ஜன்னலை ஏற்றிவிட்டு வேகமாக ஓட்டினார். அல்பினாவின் உதடு வழி முழுக்க அசைந்துகொண்டிருந்தது, ஒன்றிலிருந்து பத்து வரை.

பாதி வழியில் எஞ்சின் கொதித்துவிட்டது. வற்றிப்போன ஓடை ஓரம் நான்கைந்து மரங்கள் இருந்தன. அங்கே நிறுத்தி இறங்கினோம். அல்பினா கூடையைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். எமில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், கடிக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளிப் போகப் பார்த்தேன். "இரு, வெர்னா," என்றார். "நீயும் கேளு. யாராவது ஒருத்தர் கேக்கணும்."

அப்புறம் அவளிடம் சொன்னார். "அன்னிக்கு நான் தெற்க போகல."

அவள் கூடையின் துணியைச் சரி செய்தாள்.

"ஊருக்கு வெளிய ஆத்தங்கரையில காரை நிறுத்திட்டுப் படுத்துட்டேன். நாலு நாளா தூக்கமில்ல, உனக்குத் தெரியும். அரைமணி நேரம்னு நினைச்சேன். எட்டரைக்குத்தான் முழிச்சேன். ஒரு மைல் தூரம், அல்பினா. ஒரு மைல் தூரத்துல தூங்கிட்டிருந்தேன்."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"டயர்ல ஈர மண் இருந்துச்சு. இந்தக் கோடையில ஈரம் வேற எங்க இருக்கு? அன்னிக்கு மத்தியானமே நான் கழுவிவிட்டேன். ப்ரூவர் பார்த்துடக்கூடாதுன்னு."

எமில் அப்படியே காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். "கோர்ட்டுல ஏன் சொல்லல நீ? உன்னை நிக்கவெச்சுக் கேட்டானே. நான் சுவரோரமா நின்னு பார்த்துட்டிருந்தேனே."

"சொன்னா உன்னைக் கேப்பாங்க. அந்த மாடெல்லாம் உன் தலையிலதான் இருக்கு. அதுக்கு மேல ராய்ட்டரையும் வெச்சா நீ தாங்க மாட்டே. நான் தாங்கிடுவேன்னு நினைச்சேன்." கூடையை மூடிவிட்டு, "தாங்க முடியல," என்றாள்.

எமில் அழுதார். ஆம்பிளை அப்படி அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு, எமில். யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு நினைவு இருந்துச்சு. ராய்ட்டருக்கு. கை ரெண்டும் சும்மாத்தான் தொங்கிச்சு. 'கார்ல், கையைத் தூக்குங்க, சுருக்கை நீங்களே கழட்டிடலாம், நான் பிடிச்சிருக்கேன்'னு கெஞ்சினேன். அந்த ஒரு மணி நேரமும் கெஞ்சினேன். 'விட்டுடும்மா, உனக்குக் கை வலிக்கும்'னார், எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. எனக்குக் கை வலிக்குமாம்." அவள் தன் கைகளையே பார்த்தாள். "அதை நான் எப்படிக் கோர்ட்டுல சொல்வேன்? அவர் பொண்டாட்டி முன்னால உக்காந்திருக்கா. கழட்ட மாட்டேன்னுட்டார்னு அவ காதுல விழணுமா? அதான் தெரியலன்னேன்."

காற்று அடித்தது. ரொட்டி முழுக்க மண். நாங்கள் மூன்று பேரும் அதைத் தின்றோம்.

எமில் எழுந்தார். "திரும்பிடலாம். வீட்டுக்குப் போகலாம். நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

ஒரு நிமிஷம் நானும் அதையே நினைத்தேன். அல்பினா தலையை ஆட்டினாள்.

"எந்த வீட்டுக்கு? அந்த இரும்புக் கதவு இருக்கற வீட்டுக்கா? நான் சும்மா இருக்கும்போதெல்லாம் எண்ணிட்டிருக்கேன், எமில். இப்ப உன்கிட்டப் பேசும்போதும் உள்ள எண்ணிட்டிருக்கேன். கூட்டிட்டுப் போ. இப்ப என்னால நடந்து உள்ள போக முடியுது. இன்னும் ஒரு மாசம் போனா தூக்கிட்டுத்தான் போகணும்."

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் நிரப்பாத படிவத்தோடு வந்தாள். எங்கள் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு, "நோயாளி யாரு?" என்று கேட்டாள். ஏழு தடவை அல்பினாவைப் பார்த்தவள்தான், அவள் தொப்பியைப் பார்த்துப் புன்னகைத்து, "எட்டாவதா, மிஸஸ் ஹாவ்லிக்?" என்றாள்.

"ஆமா, எட்டாவது," என்றாள் அல்பினா. மோதிரத்தைக் கழற்றி எமிலிடம் கொடுத்தாள். "இங்க உள்ள போனா தொலைஞ்சிடும். இவங்களைக் குத்தம் சொல்லல. சோப்புத் தண்ணியில வழுக்கி எங்கயாவது விழும்." பிறகு நர்ஸோடு நடந்து போனாள். நர்ஸுக்கு அப்போதும் புரியவில்லை. நோயாளி ஏன் பின்னால் வரவில்லை என்று ஒருக்களித்த கதவு வழியே திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

ஒப்படைத்தவர் என்ற இடத்தில் எமில் கையெழுத்துப் போட்டார். பதவி என்ற இடத்தில் ஷெரிஃப் என்று எழுதினார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வந்து என் எதிரே உட்கார்ந்தார். "நான் சொல்றதை டைப் அடி, வெர்னா." ஆற்றங்கரையில் தூங்கியதை, நேரம், இடம், மரம் முதற்கொண்டு சொன்னார். ராய்ட்டர் பேசியதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, கூடவே ராஜினாமாவையும் வைத்தார். ப்ரூவர் படித்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். விசாரணை முடிந்துவிட்டது, இதைச் சேர்க்கத் தேவையில்லை என்றார். நான் சேர்த்தேன். என் வேலையில் சொன்ன சொல்லைக் கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. இன்றைக்கும் அந்த வழக்குக் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. நாற்பது வருஷமாக ஒருவர்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

எமில் அந்த மருத்துவமனை இருந்த ஊருக்கே போய், ஒரு பால்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்தார். இரண்டு வருஷம் ஆயிற்று அவள் வெளியே வர. இருவரும் எங்கள் கவுண்டிக்குத் திரும்பவே இல்லை.

1941 வசந்தத்தில் நான் ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். சின்ன வாடகை வீடு, பின்னால் கோழிகள். அல்பினா இளைத்திருந்தாள், தலை நரைத்திருந்தது. காபி போட்டுக் கொடுத்தாள். மழை நன்றாகப் பெய்ததைப் பற்றிப் பேசினோம். டெவ்லின் கல்யாணம் செய்துகொண்டான், அவன் மாமனார் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார் என்றேன். எமில் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அப்புறம் கேட்டாள். "இப்ப அங்க யாரு சமைக்கறா?"

"எமிலுக்கு அடுத்து வந்த ஷெரிஃபோட வீட்டுக்காரிதான். மிஸஸ் லிண்டெல்."

"காலையில சாப்பாடு கொண்டுபோகும்போது கூட யாராவது போறாங்களா?"

"போறாங்க," என்றேன். இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "காவலுக்குன்னு ஒரு ஆளைப் போட்டிருக்காங்க. அவன் கூட இல்லாம அவ கதவைத் திறக்கக்கூடாதுன்னு எழுதியே வெச்சுட்டாங்க."

"எப்போலேர்ந்து?"

"போன நவம்பர்லேர்ந்து."

அல்பினா கோப்பையைக் கீழே வைத்தாள். விரலை மடக்கினாள்.

"அப்போ ஆறு வருஷம்," என்றாள். "ஆறு வருஷம் அவ தனியாத்தான் திறந்திருக்கா."